வெள்ள நிவாரணம்: கோவில், சர்ச், பள்ளிவாசல் சேர்ந்து ஆளையும் பொருளையும் ஒருங்கிணைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கிள்ளியூர் தாலுகாக்களில் ஆறு கரை புரண்டால் முதலில் திறப்பது பக்கத்துச் சர்ச் ஹாலோ, மதரசாவோ, அய்யாவழிக்காரர்கள் வழிபடும் நிழல்தாங்கலோதான். திறந்து மூன்று மணி நேரத்தில் அங்கே என்ன குழப்பம் நடக்கும் என்பதை 2017 ஒக்கி புயலிலிருந்து பார்த்து வருகிறேன். பொருள் போதாமல் வந்த குழப்பம் அபூர்வம். பெரும்பாலும் வேலையின் வரிசை தப்பியதுதான் காரணம். முதலில் பொருளைக் கேட்டுவிட்டு அப்புறம் பட்டியல் எடுப்போம். ஆளைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு அவருக்கு வேலை தேடுவோம்.

குழித்துறை, களியக்காவிளைப் பக்கத்தை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலை, நெய்யாற்றின்கரையில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். இதில் மீட்புப் பணி இல்லை. வெள்ளத்தில் ஆள் சிக்கியிருந்தால் 112, அல்லது மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. உங்கள் இளைஞர்களை ஆற்றில் இறக்காதீர்கள்.

1. மழைக்கு முன்னால்: சாவி யாரிடம்?

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஆகவே இந்த முதல் வேலையை மே மாதம் ஒரு தடவை, செப்டம்பர் கடைசியில் ஒரு தடவை செய்ய வேண்டும். ஒரு நோட்டோடு பஞ்சாயத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு வழிபாட்டிடத்துக்கும் நேரில் போங்கள். போனில் கேட்டால் "எல்லாம் இருக்கு" என்றுதான் பதில் வரும்.

நேரில் போனால்தான் தெரியும்: ஹால் மேட்டில் இருக்கிறது, ஆனால் அதற்குப் போகும் பாதை பள்ளத்தில் இருக்கிறது. ஜெனரேட்டர் உண்டு, ஆனால் திருவிழாவுக்கு முந்தின நாள்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஓடவைப்பார்கள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் உண்டா, 2021 நவம்பர் வெள்ளத்தில் அங்கே தண்ணீர் எதுவரை ஏறியது, கழிவறை எத்தனை என்று கேட்டு எழுதுங்கள்.

பாத்திரத்தைத் தனியாக எழுதுங்கள். சிஎஸ்ஐ சபைகளின் சேகரத்தில் அசன விருந்துக்கு வைத்திருக்கும் பாத்திரம், பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சி அண்டா, கோவில் கொடை விழாவுக்கு வைத்திருக்கும் வார்ப்பு என்ற பெரிய பாத்திரம், நிழல்தாங்கலில் அன்னதர்மத்துக்கு வைத்திருக்கும் அடுப்பு எல்லாம் சேர்ந்தால் ஒரு தாலுகாவுக்கே சமைக்கலாம். இவை பூட்டிய அறையில் இருக்கும், சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் மகள் வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டாவது சாவி யாரிடம் என்ற கேள்வியைக் கேட்காமல் அந்த இடத்தை விட்டு வராதீர்கள்.

ஹாலில் எத்தனை பேர் என்பதைக் கல்யாணக் கணக்கில் எழுதுவது வழக்கமான தப்பு. உட்கார்ந்து சாப்பிடுவது வேறு, படுத்துத் தூங்குவது வேறு. மனிதநேய உதவிக்கான ஸ்பியர் தரங்களின்படி ஒருவருக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 38 சதுர அடி வேண்டும். 60 அடிக்கு 30 அடி ஹாலில் 47 பேர்தான் தங்கலாம். 20 பேருக்கு ஒரு கழிவறை. இரண்டு கழிவறை இருக்கிற ஹாலில் இடம் எவ்வளவு இருந்தாலும் 40 பேரோடு நிறுத்துங்கள். மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு தொடங்குவது இந்தக் கணக்கை விட்ட இடங்களில்தான்.

பேச்சிப்பாறை அணையின் முழு உயரம் 48 அடி, பெருஞ்சாணி 77 அடி. தினசரி நீர்மட்டம் பேப்பரில் வருகிறது. பேச்சிப்பாறை 42 அடியைத் தாண்டிய அன்றே சாவிகளைக் கேட்டு வாங்கிவிடுவது எங்கள் வழக்கம். தண்ணீர் திறந்துவிட்ட பிறகு சாவி தேடுவது ராத்திரி வேலையாகிவிடும்.

2. ஐந்து பேர், ஒரு குரல்

எல்லா இடத்துத் தலைவர்களையும் சேர்த்துப் பெரிய கமிட்டி போடாதீர்கள். கமிட்டி பெரிதானால் யார் பெயர் முதலில் என்பதிலேயே ஒரு சாயங்காலம் போகும். ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒருவர் போதும், ஐந்து இடம் என்றால் ஐந்து பேர். அவர் போதகரோ பங்குத்தந்தையோ ஜமாஅத் தலைவரோ ஊர்த்தலைவரோ ஆக இருக்க வேண்டியதில்லை. இல்லாமல் இருப்பது நல்லது. தலைவர்களுக்கு அந்த வாரத்தில் சாவு வீடு, ஆஸ்பத்திரி, போலீஸ் என்று வேறு வேலை நிறைய இருக்கும். கோவில்பிள்ளை என்று சொல்கிற சர்ச் பணியாளர், பங்குப்பேரவைச் செயலாளர், மதரசா ஆசிரியர் மாதிரி எப்போதும் அந்த வளாகத்திலேயே இருக்கிற ஆள்தான் வேண்டும்.

அந்த ஐந்து பேரில் ஒருவரை ஒருங்கிணைப்பாளர் ஆக்குங்கள். "இப்போது வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரம் அவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். கொடுக்க வருபவரைத் திருப்பி அனுப்புவது நம் ஊரில் சங்கடமான காரியம். அதிகாரம் இல்லாத ஆள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடுவார்.

அப்புறம் நான்கு விதிகளை மழைக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். நிவாரணம் கொடுக்கும் இடத்தில் பிரசங்கம், துண்டுப்பிரசுரம், பிரசாதம், கட்சிக்கொடி எதுவும் கிடையாது. வாங்குபவர் முகத்தைப் படம் எடுப்பதில்லை. பொட்டலத்தில் எந்த இடத்தின் பெயரும் அச்சடிப்பதில்லை. சமையல் சைவம். உதவியை ஒரு மதக் கருத்தையோ அரசியல் கருத்தையோ பரப்பப் பயன்படுத்தக் கூடாது என்பது 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. நமக்கு அதைவிட நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. ஒரே ஒரு துண்டுப்பிரசுரம் போதும், மறுநாள் பக்கத்து ஊர் ஹால் கதவு சாத்திவிடும்.

சைவச் சமையல் ஏன் என்று சிலர் கேட்பார்கள். கோவில் மண்டபத்தில் சமைத்ததைப் பள்ளிவாசலில் பரிமாறவும், அங்கே சமைத்ததை நிழல்தாங்கலுக்கு அனுப்பவும் அது ஒன்றுதான் வழி. அறுத்தது யார், எந்தச் சட்டி என்ற கேள்வியே வராது.

நாள்காட்டியையும் அன்றே பார்த்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் ஹாலும் ஞாயிறு காலை சர்ச் ஹாலும் கிடைக்காது. நவம்பர், டிசம்பரில் வெள்ளம் வந்தால் மண்டல காலமும் கிறிஸ்துமஸ் கேரலும் கூடவே வரும். வேன்கள் எல்லாம் சபரிமலைக்கு ஓடிக்கொண்டிருக்கும். மாலை போட்ட பையன்களுக்குக் கோவில் அடுப்பில் வேலை கொடுத்தால் அவர்களுக்கும் வசதி.

3. அரசு அலுவலகத்துக்கு ஒரு கடிதம்

கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார், ஆரம்ப சுகாதார நிலையம், காவல் நிலையம். இந்த ஐந்து இடத்துக்கும் ஒரே கடிதம். எந்த ஹால், எத்தனை பேர் தங்கலாம், யார் பொறுப்பு, போன் நம்பர். அவ்வளவுதான். முகாமாக அரசு அறிவித்தால் அரிசியும் மருத்துவரும் அந்த வழியாக வர வாய்ப்பு உண்டு. அறிவிக்காத இடத்துக்கு வருவது தற்செயல். கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வையுங்கள்.

4. பட்டியல்களை ஒன்றாகத் தைப்பது

முழு வழிகாட்டியிலும் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான்.

வழிபாட்டிடங்களின் பெரிய பலம் பெயர்ப்பட்டியல். கத்தோலிக்கப் பங்கில் அன்பியம் என்ற சின்னக் குடும்பக் குழுக்கள் வாரியாகக் குடும்பங்கள் எழுதப்பட்டிருக்கும். சேகரத்தில் சபை அட்டவணை, ஜமாஅத்தில் சந்தா நோட்டு, ஊர்க்கோவிலில் தலைக்கட்டு வரிப் புத்தகம். வீட்டில் படுக்கையில் கிடக்கும் பாட்டி யார், டயாலிசிஸ் போகிறவர் யார் என்று பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களுக்கு அத்துப்படி. எந்த அலுவலகத்துக் கணினியிலும் இந்த விவரம் இருக்காது.

ஆனால் ஒவ்வொரு பட்டியலும் தன் ஆட்களை மட்டுமே அறியும். நான்கு பட்டியலைச் சேர்த்துவிட்டால் ஊர் முழுக்க வந்துவிட்டது என்று புதியவர்கள் நம்பிவிடுகிறார்கள். நானும் அப்படி நம்பியவன்தான். 2021இல் நாங்கள் பட்டியலைச் சேர்த்துப் பார்த்தபோது கலப்புத் திருமணம் செய்த ஒரு வீடு மூன்று பட்டியலில் இருந்தது. ஆற்றோரச் செங்கல் சூளையில் தங்கியிருந்த ஒன்பது பேர் ஒன்றிலும் இல்லை. இரண்டு நாள் கழித்துப் பால்காரர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான்: வடமாநிலத் தொழிலாளர்கள், தலைக்கட்டு இல்லாத வாடகைக் குடித்தனக்காரர்கள், ரப்பர் தோட்டத்திலேயே தங்கிப் பால்வெட்டுக்குப் போகிறவர்கள், வீட்டிலேயே கூடும் சின்ன பெந்தெகொஸ்தே சபையார், ஊரோடோ ஜமாஅத்தோடோ வழக்கு உள்ள குடும்பங்கள். கடைசி வகையினர் கேட்டு வரமாட்டார்கள். பசித்தாலும் வரமாட்டார்கள்.

வழி இதுதான். மதப் பட்டியலை அடிப்படையாக வைக்காதீர்கள். வார்டு வரைபடத்தை அடிப்படையாக வைத்து, தெருத்தெருவாக வீட்டு வரிசையில் புதிய நோட்டு ஒன்று எழுதுங்கள். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே எந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று ஒரு கோடு. கோடு விழாத வீடுதான் நீங்கள் முதலில் போக வேண்டிய வீடு. இந்த நடைக்கு அங்கன்வாடிப் பணியாளரையோ கிராம சுகாதார செவிலியரையோ கூட அழைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் என்றால் ஆஷா சுகாதாரப் பணியாளர், குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள். அவர்களுக்கு எல்லா மதத்து வாசலும் திறக்கும்.

பெயரை மட்டும் எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே வார்டில் நாலு செல்வராஜ் இருப்பார்கள். நம் பக்கத்தில் வீடு இருக்கும் நிலத்தைக் குறிக்கும் விளைப்பெயர் உண்டு, கேரளத்தில் வீட்டுப்பெயர் உண்டு. பெயர், விளைப்பெயர், குடும்ப அட்டையின் கடைசி நான்கு எண், மொத்த ஆட்கள், அதில் கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், மாத்திரையில் இருப்பவர் யார் என்று எழுதுங்கள். அட்டை இல்லாதவர் என்றால் வரிசை எண் ஒன்றை நீங்களே கொடுங்கள். அட்டை இல்லை என்பதற்காக யாரும் விடுபடக் கூடாது.

காகிதத்தில் எழுதுங்கள். ஒக்கியில் கரண்ட் பல நாள் இல்லை, டவர் இல்லை. அருமையாக அடித்து வைத்த எக்செல் பட்டியல், செத்துப்போன லேப்டாப்புக்குள் இருந்தது. இரண்டு பிரதி, இரண்டு வேறு மேட்டில்.

5. ஆட்கள்: ஐந்தாம் நாளுக்கு யார்?

மூன்று இடத்து மைக்கிலும் அறிவித்தால் முதல் நாள் நூறு பேர் வருவார்கள். ஐந்தாம் நாள் எட்டுப் பேர் மிஞ்சுவார்கள். ஆனால் அதிக ஆள் தேவைப்படுவது தண்ணீர் வடிந்த பிறகுதான். சேறு அள்ள வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், விழுந்த மரம் வெட்ட வேண்டும். ஆகவே பெயர் கொடுக்க வருபவரிடம் "எப்போது வர முடியும்" என்று கேட்காதீர்கள். "நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை எந்த இரண்டு நாள்" என்று கேளுங்கள்.

படிவத்தில் என்ன தெரியும் என்ற கட்டம் முக்கியம். மரம் அறுக்கும் மெஷின் ஓட்டத் தெரியுமா, வயரிங், நர்சிங், பெரிய சமையல், மலையாளம் எழுதப் படிக்க, ஹிந்தி பேச. நான் பார்த்தவரை கடைசி இரண்டும்தான் அவசரத்துக்குக் கிடைப்பதில்லை. ஹிந்தி பேசுகிற ஒருவர் இல்லாமல் சூளைக்குப் போய் என்ன பயன்? வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் பலருக்கு ஹிந்தி வரும். அவர்களைக் கேளுங்கள்.

ஒரு முறைக்கு ஆறு மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு குழுவிலும் வெவ்வேறு இடத்தைச் சேர்ந்த இரண்டு பேராவது இருக்கட்டும். சர்ச் பையன்கள் மட்டும் போனால் சர்ச் உதவி என்று பேராகிவிடும், அடுத்த தெருவில் கதவு திறக்காது. 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பொட்டலம் கட்டும் இடத்தோடு நிறுத்துங்கள். முகாமில் குழந்தைகளோடு இருக்கும் வேலைக்கு எப்போதும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்துதான். பெண்கள் தூங்கும் பக்கத்துக்குப் பெண் தன்னார்வலர் மட்டும், ராத்திரியும்.

சேற்றில் இறங்குகிறவர்களுக்கு பூட்ஸ், கையுறை இல்லாமல் அனுமதி கிடையாது. 2018 வெள்ளம் வடிந்தபின் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவியது, சுத்தம் செய்யப் போனவர்களும் அதில் விழுந்தார்கள். தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுப்பார்கள். அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி மட்டும் எடுங்கள். நீங்களாக வாங்கி விநியோகிக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அது ஆகாது. டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்பதையும் படிவத்தில் கேட்டுவிடுங்கள்.

6. இப்போதுதான் பொருள் கேட்க வேண்டும்

பட்டியல் கையில் வந்த பிறகு கேளுங்கள், அதுவும் ஒரு நேரத்தில் மூன்று பொருளுக்கு மேல் கேட்காதீர்கள். "வெள்ள நிவாரணத்துக்கு உதவுங்கள்" என்று பொதுவாக அறிவித்தால் பழைய துணி வரும். மூட்டை மூட்டையாக வரும். துவைக்காத சட்டை, ஒற்றைச் செருப்பு, பட்டுப்பாவாடை. அதைப் பிரிக்கவே இருபது பேர் இரண்டு நாள் உட்கார வேண்டும், ஹாலில் பாதி போய்விடும், மழை ஈரத்தில் நாற்றம் பிடிக்கும்.

அறிவிப்பு இப்படி இருக்கட்டும்: "புதிய கைலி 60, நைட்டி 80, பெரியவர்களுக்கான டயப்பர் 10 பாக்கெட். புதன் சாயங்காலம் 6 மணி வரை. சேகர ஹாலில் மட்டும்." எண்ணிக்கை வந்ததும் அதே மைக்கில் "கைலி போதும்" என்று சொல்லுங்கள். நைட்டி, உள்ளாடை, நாப்கின் இவற்றை ஆண்கள் நடத்தும் முகாம்களில் யாரும் கேட்பதே இல்லை. பெண்களும் கேட்கக் கூச்சப்படுவார்கள். பட்டியலில் நீங்களே போடுங்கள்.

துணியோடு வந்துவிட்டவரிடம் முகம் சுளிக்காமல் சொல்ல ஒரு வாசகம் வைத்திருங்கள். "அண்ணே, துணி இப்போ போதுமளவு இருக்கு, வீட்டுலயே வைங்க, தேவைப்பட்டா நானே கூப்பிடுறேன்." நம்பரை எழுதிக்கொள்ளுங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

அரிசியில் கவனம் வேண்டும். நம் பக்கத்தில் பலர் வீட்டில் சிவப்புச் சம்பா அரிசிதான். 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் மூழ்கியபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது, நாங்கள் அன்போடு சம்பா அரிசி ஏற்றி அனுப்பினோம். வெள்ளை அரிசிக்குப் பழகிய வீடுகளில் அது மூலையில் கிடந்தது. 2018இல் கேரளத்துச் செங்கன்னூர்ப் பக்கம் போன லாரியில் இதற்கு நேர்மாறு. தடித்த மட்டை அரிசி சாப்பிடும் வீடுகளுக்கு மெல்லிய பொன்னி போனது. பெறுகிற ஊரில் ஒருவரிடம் கேட்க ஒரு நிமிடம்தான் ஆகும்.

பிரித்த மாத்திரை அட்டைகளை வாங்கவே வேண்டாம். கொண்டுவந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் காட்டுங்கள்.

7. பொட்டலமும் இருப்பும்

நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டால்: அரிசி 10 கிலோ, சிறுபயறு 1, பருப்பு 1, சர்க்கரை 1, உப்பு 1, தேங்காய் எண்ணெய் 1 லிட்டர், தேயிலை 250 கிராம், மிளகாய், மல்லி, மஞ்சள் தூள் சேர்த்து அரை கிலோ. கஞ்சியும் பயறும் என்றால் ஒரே அடுப்பில் முடிந்துவிடும், அதனால்தான் பயறு. தனிப்பையில் குளிக்கும் சோப்பு, துவைக்கும் சோப்பு, நாப்கின், தீப்பெட்டி, மெழுகுவர்த்தி.

சோப்பைத் தனியாகக் கட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரிசிக்குள் சோப்பு வாசம் ஏறினால் வேகவைத்தாலும் போகாது. பிளீச்சிங் பவுடர் உணவோடு ஒரே வண்டியில்கூட போகக் கூடாது.

மொத்தம் 17 கிலோ வரும். ஒரே மூட்டையாகக் கட்டினால் வயதான அம்மாவால் தூக்கிப்போக முடியாது. அரிசியை ஐந்தைந்து கிலோவாக இரண்டு பையில் கட்டுங்கள். முக்கால் டன் ஏற்றும் குட்டியானை வண்டியில் 40 பொட்டலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். சேற்றுப் பாதையில் அச்சு முறிந்தால் அந்த நாள் அதோடு சரி.

மூன்று நோட்டு: வரவு, செலவு, இருப்பு. வரவு எழுதும் ஆள் செலவு எழுதக் கூடாது. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு இருப்பை எண்ணி இரண்டு வேறு இடத்துப் பிரதிநிதிகள் கையெழுத்துப் போட வேண்டும். நம்பிக்கை இல்லாமல் இதைச் செய்வதில்லை. ஏழாம் நாள் யாராவது ஒருவர் "இருநூறு மூட்டை எங்கே போச்சு" என்று டீக்கடையில் கேட்பார். அப்போது நோட்டு பேசட்டும்.

இன்னொரு விஷயம். எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கர்களும் சர்ச்சைக் கோவில் என்றுதான் சொல்வார்கள். "கோவிலில் இறக்கிடு" என்று ஓட்டுநரிடம் சொல்லியனுப்பிய ஒரு லோடு, பகவதி கோவில் வாசலில் மழையில் நின்றது. நாங்கள் சர்ச்சின் அந்தோணியார் கெபிப் பக்கம் காத்திருந்தோம். இடத்துக்கெல்லாம் எண் கொடுங்கள். இடம் 1, இடம் 2. சீட்டில் எண் மட்டும்.

8. சமையல்

ஒரு கிலோ அரிசி எட்டுப் பேருக்கு. 100 பேருக்கு 12 முதல் 13 கிலோ. பொட்டலமாக அனுப்புவதென்றால் தேங்காய் அரைத்த எதுவும் வேண்டாம், மதியத்துக்குள் புளித்துவிடும். புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம் தாங்கும். சூடாக மூடிக் கட்டினால் வியர்த்துக் கெடும், கொஞ்சம் ஆறவிட்டுக் கட்டுங்கள். சமைத்த நேரத்தைப் பொட்டலத்தில் எழுதி, நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேராததைக் கொடுக்காதீர்கள்.

எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் சமைத்த சோற்றை நிறுத்திவிட்டு அரிசி கொடுக்கப் போய்விடுங்கள். அடுப்பு மூட்ட முடிந்த வீட்டுக்குப் பொட்டலச் சோறு மூன்று நாளுக்கு மேல் பிடிக்காது.

9. பணம்

தனி ஆளின் ஜிபே நம்பரை எந்த அறிவிப்பிலும் போடாதீர்கள். அவர் யோக்கியர்தான். ஆனாலும் வேண்டாம். பதிவு பெற்ற ஏதாவது ஒரு அமைப்பின் கணக்கு, இரண்டு கையெழுத்து, எண்ணிட்ட ரசீது.

வெளிநாட்டுப் பணத்தில்தான் புதியவர்கள் சட்டத்தில் மாட்டுகிறார்கள். வளைகுடாவில் வேலை செய்கிற, இந்தியக் குடியுரிமை உள்ள நம் ஆள் வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான், அவர் உங்கள் சொந்த ஊர்க்காரராக இருந்தாலும். அதை எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி பதிவு உள்ள அமைப்பு மட்டுமே, அதற்கான கணக்கில் மட்டுமே வாங்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்த அமைப்பும் அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. ஆகவே உங்கள் கூட்டுக் கணக்குக்கு மாற்றச் சொல்லாதீர்கள். அவர்களே பொருள் வாங்கி நேராக மக்களுக்குக் கொடுக்கட்டும், உங்கள் வார்டு நோட்டைப் பார்த்து.

வருமான வரிச் சலுகைக்காக 80ஜி ரசீது கேட்பவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: பொருளுக்கு அந்தச் சலுகை இல்லை, ரொக்கம் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் இல்லை.

கையில் பணம் இருந்தால் மார்த்தாண்டம் சந்தையிலோ கோட்டாறு கடைத்தெருவிலோ மொத்தமாக வாங்குங்கள், மிஞ்சியதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று கடைக்காரர் ஒப்புக்கொண்டால்.

10. கொடுக்கும் நாள்

மைக்கில் கூப்பிட்டு வரிசை நிறுத்தாதீர்கள். முந்தின நாளே வீட்டுக்குப் போய் எண் போட்ட டோக்கன் கொடுங்கள், அதில் நேரமும் இருக்கட்டும். அரை மணிக்கு 20 வீடு. வரிசை நீண்டால் பலசாலி முன்னால் வருவான், கைக்குழந்தைக்காரி பின்னால் போவாள்.

வழிபாடு நடக்கும் கட்டடத்துக்குள் வைத்துக் கொடுக்க வேண்டாம். சிலர் செருப்பைக் கழற்றத் தயங்குவார்கள், சிலர் உள்ளே வரவே தயங்குவார்கள். முற்றம், பள்ளிக்கூட வராந்தா, ரேஷன் கடைத் திண்ணை போதும். வரமுடியாத வீடுகளுக்குத் தனியாக ஒரு குழு காலையிலேயே புறப்பட்டுவிட வேண்டும். அதைச் சாயங்காலத்துக்கு ஒதுக்கினால் பொருள் தீர்ந்திருக்கும்.

டோக்கன் இல்லாமல் வந்து நிற்பவரிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். நூற்றுக்கு ஐந்து பொட்டலம் தனியே வைத்திருங்கள். பெயரை எழுதி, கொடுத்து, அன்று மாலையே வீட்டைப் போய்ப் பாருங்கள். எங்கள் நோட்டில் விட்டுப்போன வீடுகள் பல இப்படித்தான் ஏறின.

11. எல்லை தாண்டி அனுப்புவது

களியக்காவிளை தாண்டி லாரி போக வேண்டுமானால், பெறுகிற இடத்திலிருந்து எழுத்தில் ஒரு கடிதம் வாங்காமல் ஏற்றாதீர்கள். பஞ்சாயத்தோ பங்கோ எதுவானாலும் சரி, என்ன வேண்டும், எத்தனை, எங்கே இறக்குவது, இரண்டு பேருடைய நம்பர். அந்தக் கடிதம், பொருள் பட்டியல், நம் தாசில்தார் அலுவலகத்துக் கடிதம் மூன்றும் ஓட்டுநர் கையில் இருக்க வேண்டும். 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால் இ-வே பில் என்ற ஜிஎஸ்டி சரக்குச் சீட்டு பற்றிய கேள்வி வரும். வாங்கிய பொருளென்றால் கடைக்காரரிடமே போடச் சொல்லுங்கள். தானமாக வந்ததற்கு ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியலை மலையாளத்திலும் எழுதுங்கள். இறக்க ஆள் யார் என்று புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். பெறுகிற பங்கின் இளைஞர்கள் நின்றால் நல்லது, கூலிக்கு என்றால் தொகையை முன்பே ஒத்துக்கொள்ளுங்கள். லாரி போய் நின்ற பிறகு பேசினால் இருட்டிவிடும். கூடவே இரண்டு பேரை அனுப்புங்கள், ஒருவருக்காவது மலையாளம் படிக்க வர வேண்டும். இறக்கியதும் எண்ணிக் கையெழுத்து வாங்கி வரட்டும்.

12. மூடுவது

எப்போது நிறுத்துவது என்று யாரும் யோசிப்பதில்லை. முகாமில் கடைசிக் குடும்பம் வீடு போன நாளிலிருந்து ஐந்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய பொருளை யாருக்குக் கொடுத்தோம் என்பதும் நோட்டில் ஏற வேண்டும். பெரும்பாலும் அங்கன்வாடிக்கோ முதியோர் இல்லத்துக்கோ போகும்.

வரவு செலவு ஒரு பக்கத்துக்குள் எழுதி, ஒரே தாளை எல்லா இடத்து அறிவிப்புப் பலகையிலும் ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின்னும் ஞாயிறு ஆராதனைக்குப் பின்னும் வாசிக்கச் சொல்லுங்கள். ஊர்க்கோவில் கூட்டத்திலும் அதே தாள்தான். வேறு வேறு இடத்தில் வேறு வேறு கணக்கு வாசித்தால் செய்த வேலை எல்லாம் வீண்.

பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் முதல் நாளே பெயின்டால் இடத்தின் எண் எழுதியிருந்தால் இது ஒரு மணி நேர வேலை, இல்லாவிட்டால் ஒரு மாதச் சண்டை. அடி பிடித்த வார்ப்பைத் தேய்க்காமல் கொண்டுபோய் வைத்த ஒரு கோஷ்டிக்கு அடுத்த தடவை அந்தக் கோவிலில் கரண்டிகூட கிடைக்கவில்லை. அந்தக் கோஷ்டியில் நானும் இருந்தேன். ஹாலைக் கழுவி, கழிவறைக்கு பிளீச்சிங் போட்டு, உடைந்த பக்கெட்டுக்குப் புதிது வாங்கி வைத்துவிட்டு, சாவியை வாங்கிய ஆளிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். இரண்டாவது சாவி இன்னும் அதே ஆளிடம்தான் இருக்கிறதா என்று அப்போதே கேட்டு நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.